இரவல் ஜாதகம்

வாடா கண்ணு, இப்பிடி உக்காரு. காலையிலருந்து பொட்டியைத் தட்டிட்டே இருக்கியே, என்ன விசயம்? ஜெனரேட்டர் மாடலா? அதுவும் ஆறாவது ஆர்டரா! அடேங்கப்பா. பார்க்கு 1929ல காட்டுன வழியில டி அச்சு, கியூ அச்சுன்னு பிரிச்சு, எக்ஸ்-டி டபுள் டாஷை நாலு தசமம் வரைக்கும் போட்டிருக்கியே. அந்த நம்பரு எங்க கிடைச்சுது?

புஸ்தகத்துப் பின்னாடி இருந்த அட்டவணையிலயா? அப்பப் பக்கத்து வீட்டுப் பையன் ஜாதகத்தை வெச்சு உனக்குப் பொண்ணு பாத்துடலாமா?

சிரிக்காதே. அமெரிக்காக்காரனே இதுல மாட்டுனவந்தான். 1996 ஆகஸ்ட் 10. மேற்கு மாநிலங்கள்ல வெயில் கொளுத்துது. கம்பி தொங்கி மரத்துல பட்டு, லைன் ஒவ்வொண்ணாப் போச்சு. மெக்நாரி அணையில எக்ஸைட்டர் ரிலே தப்பா வேலை செஞ்சு மெஷினெல்லாம் டிரிப். பவர் ஆட ஆரம்பிச்சுது, நாலு செகண்டுக்கு ஒரு ஆட்டம். அடங்குச்சா? எங்க, ஏறிட்டே போச்சு. கிரிட் நாலு துண்டாகி, 75 லட்சம் இணைப்புக்குக் கரண்ட் இல்ல.

அப்புறம் அதே சம்பவத்தைக் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தாங்க. அது என்ன சொல்லுச்சு தெரியுமா? ஆட்டம் சமத்தா அடங்கிடும்னு! ஊரே இருட்டுல கிடக்கு, பொட்டி ஒண்ணும் ஆகலைங்குது.

அதுக்கப்புறந்தான் ஒவ்வொரு மெஷினாப் போய் டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க. 2001ல இன்னொரு கூத்து. வேணும்னே உற்பத்தியைத் தட்டிவிட்டுப் பாத்தா, மெஷின் வேகத்தைக் காக்கற கவர்னர் தரும்னு மாடல் சொன்ன உதவியில பாதிகூட நெசத்துல வரல. பல அனல் நிலையத்துல கவர்னரை அசையவிடாம ஒரே லோடுல பிடிச்சு ஓட்டிட்டிருந்தாங்க. இது எந்தச் சமன்பாட்டுல எழுதியிருக்கும்? கண்ட்ரோல் ரூம்ல இருக்கறவனக் கேட்டிருந்தா, டீ ஆறறதுக்குள்ள சொல்லியிருப்பான்.

உனக்கு எச், அதான் மெஷினோட நிலைம மாறிலி, அது தானே வேணும்? கொள்ளளவுல கால்வாசி லோடு ஏத்தி, பிரேக்கரைத் திறந்துவிடு. கவர்னர் முழிச்சுக்கறதுக்கு முன்னாடி செகண்டுக்கு ஒன்றரை ஹெர்ட்ஸ் வீதம் ஏறுனா, எச் 4 பக்கத்துல இருக்கும். என்ன, பவர் ஹவுஸ் வரைக்கும் போகணும், சட்டையில எண்ணெய் படும்.

ஆறாவது ஆர்டர் வேண்டாங்கல, தாராளமாப் போடு. சித்த நில்லு, ஒண்ணு கேக்கணும். அட்டவணையில எடுத்த அந்த எச் மெஷினோட எம்விஏ பேஸ்லயா, 100 எம்விஏ பேஸ்லயா?

ஏன்டா முழிக்கறே?