நாற்காலியை விட்டு எழுந்தால்

பெங்களூருக்கு மாற்றலாகி வந்த முதல் பிப்ரவரியில் எங்கள் வீட்டு பீரோ என்னை அடித்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டு, எழுந்துபோய் பீரோ கைப்பிடியைத் தொட்டேன். 'பட்'! விரல் நுனியில் சுரீரென்றது. பீரோவுக்கும் கரண்டுக்கும் எந்த ஸ்நானப்பிராப்தியும் கிடையாது. இருந்தாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

வந்தவர் ஓசூர்க்காரர். பீரோ, ஜன்னல் கம்பி, தாழ்ப்பாள், காலண்டர் ஆணி என்று ஒன்று விடாமல் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் மனைவி காலையிலிருந்தே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே நாற்காலியில் உட்கார்ந்து காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பியவர், வாசல் கிரில்லைத் தொட்டார். "அய்யோ!" பிறகு சுதாரித்துக்கொண்டு, "இது கரண்ட் இல்ல சார், சீசன்" என்று சொல்லி 200 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

சத்தியமான வார்த்தை. பாலியஸ்டர் பேண்ட்டும் பிளாஸ்டிக்கும் உரசினால் ஒன்றின் எலெக்ட்ரான்கள் மற்றதில் போய் ஒட்டிக்கொள்கின்றன. உட்கார்ந்திருக்கும்வரை வம்பில்லை. எழுந்து விலகினால்தான் வோல்ட்டேஜ் எகிறுகிறது. நாற்காலியை விட்டு எழுந்தால்தான் அடி என்பது அரசியல்வாதிகளுக்கு எப்போதோ தெரியும். நமக்கு உறைக்கவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சுவர் பிளக்கில் வருவது 230தான். உடம்பில் சேரும் சரக்கு துளியூண்டு என்பதால் பிழைத்துக் கிடக்கிறோம்.

சென்னையில் 40 வருஷம் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே ஈரக்காற்று எதன்மீதும் மெல்லிய நீர்ப்படலம் பூசி, மின்சாரத்தைச் சேரவிடாமல் கசியவிட்டுவிடும். அத்தனை வருஷமும் நான் திட்டிய புழுக்கம் எனக்கு எர்த் வயராக இருந்திருக்கிறது.

இப்போது சில உபாயங்கள் கைவசம். நாற்காலியில் பருத்தித் துண்டு விரித்துத்தான் உட்காருகிறேன். பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்த பரம்பரை, கை பழகியிருக்கிறது. காரிலிருந்து இறங்கும்போது கதவின் இரும்பைப் பிடித்தபடியே காலை ஊன்றுகிறேன். வீட்டுக் கதவைத் தொடுமுன் சாவியை இறுக்கிப் பிடித்து அதன் நுனியால் கைப்பிடியைத் தொடுவேன். பொறி சாவிக்கும் கதவுக்கும் நடுவில் பறக்கும், விரல் தப்பிக்கும். சாவி இல்லாத நாளில் முழங்கைதான். லிஃப்ட் கதவை நான் முழங்கையால் இடிப்பதைப் பார்த்த எதிர்வீட்டு அம்மாள், மறுநாளிலிருந்து படியில் போகிறார்.

1746-இல் பிரான்சில் நொல்லே என்ற பாதிரியார், 15ஆம் லூயி மன்னர் முன்னிலையில் 180 காவலர்களைக் கைகோத்து நிற்கவைத்து, லெய்டன் ஜாடியில் சேர்த்த மின்சாரத்தைப் பாய்ச்சினார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளினார்கள். இந்த வித்தை எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் மாதாமாதம் இலவசம். வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், இரும்பு மைக். பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்துவதாகச் சொல்ல எழுந்த செயலாளர் மைக்கைத் தொட்டதும் துள்ளியதற்கு, அன்று பலத்த கைதட்டல்.

ஒரு நல்ல மழை பெய்தால் எல்லாம் அடங்கிவிடும். இந்த வருஷம் இன்னும் பெய்யவில்லை. அதுவரை எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து கை கொடுக்க வேண்டாம், கும்பிட்டால் போதும்.