கணக்கில் பெயில், கைதட்டலில் முதலிடம்

போன வெள்ளிக்கிழமை பரிசளிப்பு விழாவில் ஏறின கடுப்பு இன்னும் இறங்கவில்லை. பெறாமகனுக்கு இணைந்த கணிதத்தில் முதற்பரிசு. அவன் மேடையின் மூன்றாவது படியை மிதிக்க முதலே கைதட்டல் முடிந்துவிட்டது. அடுத்து வந்தவன் ஸ்கூல் டீமில் பந்து போடுகிறவன். பின்வரிசையில் ஒளித்து வைத்திருந்த ட்ரம்பெட் வெளியே வந்தது. பப்பரே! அதிபரே தாளம் போட்டார்.

பிரதம விருந்தினர், சொல்லத் தேவையில்லை, பழைய கிரிக்கெட் கப்டன். மைக்கைப் பிடித்ததும் அந்த வசனம்: "இந்த மேடையில் நான் ஒருநாளும் பரிசு வாங்கினதில்லை." மண்டபம் அதிர்ந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை இந்த வசனத்தை நான் கேட்காத மேடை இல்லை. ஒருவர் கணக்கில் பதினெட்டுப் புள்ளி என்று பெருமைப்பட்டார். வங்கிப் பணிப்பாளர், என் சேமிப்பு அங்கேதான். இன்னொருவர் புவியியலில் பெயில். ட்ராவல் ஏஜென்சி நடத்துகிறார். பௌதிகத்தில் பெயில் என்று சிரித்தவர் வெள்ளவத்தையில் பத்து மாடி கட்டி விற்றவர். எட்டாம் மாடியில் என் மச்சாள் இருக்கிறா. அதற்குப் பிறகு நான் அவவை சைவக் கடையில்தான் சந்திக்கிறேன். தமிழில் பெயில் என்றார் வேறொருவர். அதை அவர் தனியாகச் சொல்லியிருக்க வேண்டாம், இருபது நிமிடமாகக் கேட்டுக்கொண்டுதானே இருந்தோம். ஒருவர் எல்லாப் பாடத்திலும் பெயில் என்றார். எழும்பி நின்று தட்டினார்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்த கலாநிதி பட்டக்காரர் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

கிரிக்கெட் பரிசளிப்பில் ஒரு பேராசிரியரை ஏற்றி, "எனக்குப் பந்தே பிடிக்கத் தெரியாது" என்று பீற்ற விடுவார்களா?

2020 மார்ச் 13, கொரோனாவுக்காக நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அன்று எஸ்.எஸ்.சி. மைதானத்தில் ரோயல்–தோமியன் பள்ளிக்கூடங்களின் பிக் மெட்ச், இரண்டாம் நாள். ஆட்டம் நடந்தது! 1879இல் தொடங்கியதை ஒரு கிருமிக்காக நிறுத்துவதா? 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாடு என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். பந்துத் தட்டுப்பாடு என்று ஒரு பிக் மெட்ச் ஒத்திப்போனதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

எங்கள் வெள்ளவத்தைத் தாய்மார் அப்படியில்லை என்று சொல்ல ஆசைதான். டியூஷன் வாசலில் கால்கடுக்க நிற்கிறவர்கள். ஆனால் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற அன்றைக்கு, "பெடியன் டொக்டர்" என்பதை வாய்க்குள் சொல்லிவிட்டு, "ஸ்கூல் டீமில விளையாடினவனாம்" என்பதைத்தான் பக்கத்து ஃப்ளாட்டுக்கும் கேட்கச் சொல்கிறார்கள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கேற்றில் மணி அடித்தது. தொப்பியை நீட்டிக்கொண்டு நாலு பெடியள், பிக் மெட்ச் கலெக்ஷனாம். ஐந்நூறு ரூபாவைப் போட்டுவிட்டு, பற்றுச்சீட்டு எழுதித் தரச் சொன்னேன்.

நாலு பேரிடமும் ஒரு பேனை இல்லை.