எட்டிப் பார்க்கும் தொப்புள்

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம். உள்ளே குழிந்திருந்த தொப்புள் இப்போது புடவைக்கு மேலேயே பட்டன் மாதிரி துருத்திக்கொண்டு தெரிகிறது. 'பையன்தான், சந்தேகமே இல்லை' என்கிறார் மாமியார். நிஜமா?
- ஒரு வாசகி, மாகறல்

பதில்: வயிற்றில் இருப்பது ஆணா, பெண்ணா என்று ஸ்கேன் பார்க்கும் டாக்டரே சொல்லக் கூடாது என்று 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. தொப்புளுக்கு மட்டும் யார் அனுமதி தந்தது?

தொப்புள் என்பது நம் முதல் தழும்பு. வயிற்றுச் சுவரில் மெல்லிய இடமும் அதுதான். பட்டுக்குப் பெயர்போன ஊரின் பக்கத்தில் இருக்கிறீர்கள், சுலபமாகப் புரியும்: துணியை இழுத்தால் இழை நொய்ந்த இடம்தானே முதலில் பிதுங்கும்? ஐந்தாம் மாதவாக்கில் கர்ப்பப்பை தொப்புள் மட்டத்துக்கு வந்துவிடும். அதற்குமேல் வளர வளர, உள்ளிருந்து தள்ளும். பெண் குழந்தையும் அதே பலத்தோடுதான் தள்ளும். சிலருக்குத் தொப்புள் துருத்தாமல் தட்டையாகிவிடுவதும் உண்டு.

புடவை உரசி எரிந்தால் மெத்தென்ற பருத்தித் துணியை வையுங்கள். காசை வைத்துக் கட்டி அமுக்க வேண்டாம். பிரசவமாகிச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் தானே உள்ளே போய்விடும். ஆனால் தொப்புள் கட்டியாகி வலித்தாலோ, நிறம் மாறினாலோ, கூடவே வாந்தி வந்தாலோ குடலிறக்கமாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

உங்கள் ஊர்த் தலபுராணத்தில் ஈசனே புற்றுக்குள் உடும்பு வாலாகத் தலைகாட்டியவர். தொப்புள் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் குற்றமா?