அனல் தரும் அண்ணல்

வெப்ப இயக்கவியல் பாடம் எடுக்கும் பேராசிரியர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். நூறு சதவீதத் திறனோடு ஓடும் இயந்திரம் உலகத்தில் கிடையாது என்பார்கள். பாவம், அவர்கள் யார் வீட்டிலும் ஆன்ட்மைனர் எஸ்9 இருந்திருக்காது. பெய்ஜிங்கின் பிட்மெயின் நிறுவனம் 2016-ல் இறக்கிய இந்தப் பிட்காயின் பெட்டி, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் ஒரு வாட்டைக்கூட வீணாக்குவதில்லை. 1,350 வாட் உள்ளே போகும். 1,350 வாட்டும் சூடாக வெளியே வரும். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை. (ஹீட்டரை இயந்திரக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று பேராசிரியர் முணுமுணுக்கலாம். அது பொறாமை.)

இவரை ‘அது’ என்று எழுதக் கை வரவில்லை, குணம் அப்படி. நீளம் 35 சென்டிமீட்டர், எடை நாலு கிலோ சொச்சம். உள்ளே மூன்று பலகைகள், பலகைக்கு 63 வீதம் 189 சிப்புகள். நொடிக்குப் பதிமூன்றரை லட்சம் கோடி தடவை ஒரே வகைக் கணக்கைப் போடுவார். விடை தேறாது. தூக்கிப் போட்டுவிட்டு ஓர் எண்ணை மாற்றி மறுபடி போடுவார். அதுவும் தேறாது. தேறாத கணக்கு எங்கும் குறித்துவைக்கப்படாது. அதனால் ஒரு புயலும் முன்கூட்டித் தெரியாது, ஒரு மருந்தும் கண்டுபிடிக்கப்படாது. பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, அப்படியே நடக்கிற ஒரே ஜீவன் இவர்தான்.

காற்றோட்டத்தின் அருமையை இவரளவுக்கு எடுத்துச் சொன்ன ஆசான் வேறு யாரும் இல்லை. உள்ளே இழுத்த காற்றைப் பத்து டிகிரி மட்டும் சூடாக்கி வெளியே விட வேண்டுமென்றால், நிமிடத்துக்குச் சுமார் 240 கன அடி காற்று வேண்டும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால், அறையில் உள்ள அத்தனை காற்றும் நாலு நிமிடத்துக்கு ஒரு தரம் இவர் வயிற்றுக்குள் போய்த் திரும்பும். ஜன்னலைச் சாத்திவைத்தாலும் இவர் கோபிப்பதில்லை. தான் விட்ட சூட்டைத் தானே இழுத்து, இன்னும் பத்து டிகிரி சேர்த்து, மறுபடி விடுவார். சுயசார்பு என்றால் இதுதான்.

இதற்காக முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு ஃபேன்கள். 120 மில்லிமீட்டர்தான், ஆனால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி, எழுபத்தைந்து டெசிபலைத் தாண்டிய ஒரு நாதத்தை எழுப்பும். மிக்ஸி ஓடுகிற சத்தத்தோடு இதை ஒப்பிடலாம். சட்னி அரைபட்டதும் மிக்ஸி ஓய்ந்துவிடும் என்பதுதான் அதன் சோம்பேறித்தனம். இவர் ராத்திரி பகல் பார்க்காதவர். அடுக்ககத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோமே, ஒரே வாரத்தில் அந்தக் குறையைத் தீர்த்துவைப்பார்.

“என்ன தம்பி, உள்ளே மாவு மில்லு ஏதும் வெச்சிருக்கீங்களா?”

“இல்லைங்க மாமி, கம்ப்யூட்டர்தான்.”

“கம்ப்யூட்டரா? எங்க ராகுல்கிட்டகூட ஒண்ணு இருக்கு, அது இருக்கிற இடமே தெரியாதேப்பா.”

ராகுலின் கம்ப்யூட்டர் உழைக்கவில்லை என்பதை மாமிக்கு எப்படிப் புரியவைப்பது?

கத்திரி வெயில் வந்தால் அண்ணலின் மேன்மை இன்னும் துலங்கும். 0 முதல் 40 டிகிரி வரையுள்ள காற்றில் ஓட வேண்டியவர் என்று தயாரிப்பாளர் குறித்திருக்கிறார். மே மாதச் சென்னை அந்த மேல் வரம்பைத் தாண்டும்போது, சிப்புகள் சூடேற ஏற, வேலைக்கு உதவாமல் கசியும் மின்னோட்டமும் கூடும். ஆக, சூட்டைக் கண்டால் அதிக மின்சாரம் குடிப்பார். அதிகம் குடித்ததால் இன்னும் சூடாவார். வெயிலோடு இப்படி ஒத்துப்போகும் மனம் எத்தனை பேருக்கு உண்டு? கூடவே தெருப் புழுதியையும், கடலோரமாக இருந்தால் உப்புக் காற்றையும் மறுக்காமல் வாங்கித் தன் அலுமினியத் தகடுகளுக்கு இடையே சேமித்துவைப்பார்.

சரி, ஏசி போட்டுவிடலாம் என்று வீட்டார் முடிவெடுப்பார்கள். இங்கேதான் பொருளாதாரத்தின் உச்சியைத் தொடுகிறோம். காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தைச் சூடாக்கிவிட்டு, அந்தச் சூட்டை வெளியேற்ற இன்னும் கொஞ்சம் மின்சாரத்தைக் காசு கொடுத்து வாங்குவது. 1,350 வாட் சூட்டை வெளியே தள்ள ஏசி ஏறக்குறைய 400 வாட் எடுத்துக்கொள்ளும். அந்தச் சூடும் எங்கோ காற்றில் கரைந்துவிடாது. ஏசியின் வெளிப்பெட்டி எந்த ஜன்னலைப் பார்த்து மாட்டப்பட்டிருக்கிறதோ அந்த வீட்டாருக்குப் போய்ச் சேரும். பெரும்பாலும் அது மாமியின் ஜன்னலாக இருக்கும். இவருடைய வாரிசாக 2023-ல் அறிவிக்கப்பட்ட எஸ்21 இன்னும் பொருத்தமானவர்: எடுக்கும் மின்சாரம் 3,500 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய சூடு எவ்வளவு தெரியுமா? அதுவும் ஏறத்தாழ 3,500 வாட்தான். பத்துப் பொருத்தமும் பார்த்துச் செய்த கல்யாணத்தில்கூட இந்த இசைவைப் பார்க்க முடியாது. அறையில் ஏசி முழு மூச்சில் ஓடும், ஆனால் ஒருவருக்கும் குளிராது.

பக்தர்கள் சும்மா இருக்கவில்லை. அண்டர்வோல்ட் என்று ஒரு விரதமுறை உண்டு. சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைத்து, வேகத்தையும் கொஞ்சம் தணித்து, வேறு மென்பொருளை ஏற்றி, ஒரு டெராஹாஷுக்கு (லட்சம் கோடி தடவை கணக்குப் போடுவதற்கு) 98 ஜூல் என்று இருந்ததை 80 ஜூல் அளவுக்கு இறக்கிவிடுவார்கள். இது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் அது தின்னும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதும் சரியான கணக்கு. இப்படிப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினால் நாளொன்றுக்கு ஆகும் நட்டம் கணிசமாகக் குறையும். நட்டத்தைக் குறைக்க இவ்வளவு அறிவைச் செலவிடும் தொழில் வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த படி எண்ணெய்க் குளியல். மின்சாரம் கடத்தாத எண்ணெயைத் தொட்டியில் நிரப்பி, பெட்டியை அப்படியே உள்ளே முக்கிவிடுவது. சனி நீராடு என்று நமக்குச் சொன்னார்கள். இவருக்கு ஏழு நாளும். ஃபேன்களைக் கழற்றிவிடுவதால் சத்தம் அடங்கும். ஃபேன் இல்லையென்றால் ஓட மாட்டேன் என்று அடம்பிடிப்பாராதலால், ஃபேன் சுற்றுகிறது என்று அவரை நம்பவைக்க ஒரு சின்ன சர்க்யூட்டை மாட்ட வேண்டும். எண்ணெய் சூடாகுமே? அதை ஆறவைக்க ஒரு பம்ப், ஒரு ரேடியேட்டர். ரேடியேட்டர் ஆற? அதற்கு ஃபேன். சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வந்தாலும், இப்போது கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்திருக்கிறோம் என்பது முன்னேற்றம். கேபிளின் ரப்பர் உறை எண்ணெயில் ஊறி உப்புவதெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

வரவுசெலவையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம், அண்ணலின் புகழ் அங்கேதான் முழுமை பெறுகிறது. ஒரு நாளைக்கு 32 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உண்டல்லவா? அதை மூன்றே நாளில் தீர்த்துக் கொடுப்பார். ஈபிக்காரர் ரீடிங் எடுக்க வரும்போது இவர் பங்கு மட்டும் 1,940 யூனிட்டை ஒட்டி நிற்கும். 1,000-ஐத் தாண்டிய யூனிட் ஒவ்வொன்றும் 11 ரூபாய்க்கு மேல். பெருந்தன்மையாகச் சராசரி 10 ரூபாய் என்றே போட்டாலும், தினமும் 320 ரூபாய். ஏசி தனி.

இனி வரவு. கணக்குத் தேறி ஒரு பிளாக்கைப் பிடிப்பவருக்கு, அதாவது பரிவர்த்தனைப் பதிவேட்டின் அடுத்த பக்கத்தை எழுதுபவருக்கு, கிடைக்கும் பரிசு 2024 ஏப்ரலில் பாதியாகி 3.125 பிட்காயின் ஆனது. அந்த ஆண்டின் நடுவில் உலகம் முழுக்க இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த கருவிகளின் மொத்த வேகம் நொடிக்குச் சுமார் 60 கோடி டெராஹாஷ். நம்மவர் பங்கு அதில் பதிமூன்றரை. ஒரு பிட்காயின் 65,000 டாலர் என்ற அப்போதைய விலையில், இவர் ஒரு நாள் முழுக்கச் சம்பாதித்தது ஏறக்குறைய 55 ரூபாய். 320 கொடுத்து 55 வாங்குவதை வியாபாரம் என்று சொன்னால் செட்டிநாட்டில் சிரிப்பார்கள். அவர்களுக்கு முதலீட்டின் நீண்டகாலப் பார்வை தெரியாது.

அந்த நீண்டகாலம் எவ்வளவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கூட்டுச் சேராமல் தனியாளாகவே ஒரு பிளாக்கைப் பிடித்து முழுப் பரிசையும் வாங்கிவிடலாம் என்று உட்கார்ந்தால், அந்த 2024-ம் வருஷப் போட்டி அப்படியே நீடிக்கும் பட்சத்தில், சராசரியாக 845 வருஷத்துக்கு ஒன்று அகப்படும். மூன்றாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்த 1178 வாக்கில் ப்ளக்கைச் சொருகியிருந்தால், அநேகமாக இந்நேரம் ஒன்று கிடைத்திருக்கும். நடுவில் கரண்ட் போகாமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் குலத்தின் சிக்கனத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். 2013-ல் வந்த எஸ்1 ஒரு டெராஹாஷுக்கு 2,000 ஜூல் கேட்டார். எஸ்9 கேட்டது 98. எஸ்21 கேட்பது 17.5. பத்தே வருஷத்தில் நூறு மடங்குக்கு மேல் மிச்சம்! குண்டு பல்பிலிருந்து எல்இடிக்கு வந்ததைப் பெருமையாகப் பேசுகிறோம், அது பத்து மடங்கைக்கூட எட்டியதோ என்னவோ. இந்தச் சிக்கனம் மொத்த மின்சாரச் செலவை எவ்வளவு குறைத்தது என்று கேட்பவர்கள் விவரம் புரியாதவர்கள். பிட்காயின் ஏற்பாட்டில், கருவி வேகமானால் பரிசு சீக்கிரம் வந்துவிடாது. 2,016 பிளாக்குக்கு ஒரு தரம், ஏறக்குறைய இரண்டு வாரத்தில், கணக்கின் கடினம் தானாகவே திருத்தப்பட்டுவிடும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவு மாறவே மாறாது. எல்லாரும் இரண்டு மடங்கு வேகமாக ஓடினால் ஓடுதளம் இரண்டு மடங்கு நீளமாகும். மிச்சமான மின்சாரத்தில் எல்லாரும் இன்னொரு பெட்டி வாங்கி மாட்டுவார்கள். எஸ்9-லிருந்து எஸ்21-க்கு வந்ததில் சிக்கனம் ஆறு மடங்குகூட ஆகவில்லை. எஸ்9 வந்த 2016-ன் நடுவிலிருந்து 2024-க்குள் போட்டியின் வேகமோ 400 மடங்கு ஆகிவிட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2025-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி பிட்காயினுக்கு வருஷத்துக்கு 138 டெராவாட் மணி போகிறது. நம் மீட்டர் பாஷையில் 13,800 கோடி யூனிட். வீட்டில் உட்கார்ந்து அண்டர்வோல்ட் செய்து பத்து வாட் மிச்சம் பிடித்த புண்ணியவான், அந்தப் பத்து வாட்டையும் சேர்த்தே இந்த வேள்வியில் இடுகிறார். சிக்கனம் கூடக் கூடச் செலவு கூடும் ஓர் ஏற்பாட்டை மனித மூளை கண்டுபிடித்துவிட்டது. அதற்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

குளிர் நாட்டுக்காரர்கள் சூட்டையும் விற்கப் பார்க்கிறார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு குளியல் நிலையம் தன் வெந்நீர்க் குளங்களை இந்தக் கருவிகளின் வெப்பத்தால் சூடாக்குகிறது. பின்லாந்தில் ஊருக்கே குழாய் வழியாகப் போகும் வெந்நீருக்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். அதே ஒரு யூனிட்டை ஹீட் பம்பில் கொடுத்தால் மூன்று யூனிட் வெப்பம் தரும் என்பதை அங்கே யாராவது கிசுகிசுத்திருப்பார்கள், சபை நாகரிகம் கருதி உரக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். மார்கழி விடியலிலேயே ஃபேன் போட்டுத் தூங்கும் சென்னையில் நமக்கு அந்தச் சங்கடமும் கிடையாது. மொட்டை மாடியில் வடாம் காய வெயிலே தாராளம்.

குலத் துரோகிகளும் உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிட்காயினைப் போன்ற இன்னொரு கிரிப்டோவான எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று, கணக்குப் போடும் இந்த வேலையே வேண்டாம் என்று வேறு முறைக்கு மாறிவிட்டது. மின்சாரச் செலவு 99 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. பரிவர்த்தனைகள் வழக்கம்போல நடந்தன. ஒரே நாளில் எத்தனை வீடுகளில் கிராபிக்ஸ் கார்டுகள் குளிர்ந்து போயின! கல்நெஞ்சம் வேண்டும் அதற்கு. இப்போது பிட்டாக்ஸ் என்று மேஜையில் வைக்கிற சின்னப் பெட்டி ஒன்றும் வந்திருக்கிறது. 17 வாட், நொடிக்கு 1.2 டெராஹாஷ், சத்தம் குறைவு. அதே 2024 போட்டியில் தனியாளாகப் பிளாக் பிடிக்க 9,500 வருஷம் ஆகும் என்பதை மறைக்காத யோக்கியமான பொருள் என்பதால் அதைப் புகழ இந்தக் கட்டுரையில் இடமில்லை.

கடைசியாக, அரசாங்கத்துக்கு அண்ணல் செய்யும் தொண்டு. 2022 ஏப்ரல் முதல் இந்தியாவில் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ‘மைனிங்’ எனப்படும் இந்தக் கணக்கு வேலையின் கட்டமைப்புக்கு ஆன செலவை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நாடாளுமன்றத்திலேயே தெளிவுபடுத்திவிட்டார்கள். ஆகவே 320 ரூபாய் செலவழித்து எடுத்த 55 ரூபாயை விற்றால், வரிக்கணக்கில் நீங்கள் லாபம் பார்த்தவர். ஈபி ஆபீஸ், வருமான வரித்துறை, ஏசி மெக்கானிக் என்று மூவரையும் ஒரே பெட்டி திருப்திப்படுத்துகிறது.

ஓட்டி அலுத்தவர்கள் இவரை ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோய் விலை கேட்டுப் பார்ப்பார்கள். பிறகு காயலான் கடைக்கு எடுத்துப்போவார்கள். அங்கே 189 சிப்புகளைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. சிப்புகளின் சூட்டைத் தணிக்க ஒட்டிய அலுமினியத் தகடுகளைப் பெயர்த்தெடுத்து, தராசில் போட்டு, அன்றைய கிலோ விலையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அண்ணல் ஈட்டிய பணத்தில் கரண்ட் பில் கழிக்க வேண்டியிராத முதல் தொகை அதுதான்.