தண்ணீர் சொட்டினாலும் வாங்க: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். ஒருவன் பிரிக்பீல்ட்ஸ், ஒருவன் ஷா ஆலம், இருவர் கிள்ளான். எங்கே சந்திப்பது என்று பேசிப் பேசியே சனிக்கிழமை முடிந்துவிடுகிறது. நீங்களே ஓர் இடம் சொல்லுங்கள்.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இடம் வேண்டாம், தடம் சொல்கிறேன். பெலாபுஹான் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில் உங்கள் நால்வரையும் ஒரே கோட்டில் வைத்திருக்கிறது: கிள்ளான், ஷா ஆலம், சுபாங் ஜெயா, கேஎல் சென்ட்ரல். 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை இந்தப் பாதையைப் போட்டது ஈயத்தை ஏற்றிப் போகத்தான். பிறகு பாலம் கட்டி, ஆற்றைத் தாண்டிக் கிள்ளானுக்குள் கொண்டு வந்தார்கள். ரயில்வே வேலைக்கு வந்த நம்மவர்கள் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். தாத்தாமார்கள் உழைத்த தடத்தில் பேரன்கள் தோசை சாப்பிடப் போவது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. ஒரு வாரம் துன் சம்பந்தன் சாலையில் வாழை இலைச் சாப்பாடு, மறுவாரம் தெங்கு கிளானா சாலையில் பலகாரம். டோல் இல்லை, பார்க்கிங் தேடும் வேலையும் இல்லை.

ஆனால் ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். நால்வரில் யார் வீட்டில் கைக்குழந்தையோ, படுக்கையில் கிடக்கும் தாயோ இருக்கிறார்களோ, அந்தக் காலம் முழுவதும் சந்திப்பு அவர் வீட்டில்தான். சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போங்கள். அவரால் வர முடியாது என்று தெரிந்தும் மூவர் மட்டும் கடையில் கூடி, படமெடுத்து அவருக்கே அனுப்புவதை என்னால் நட்பில் சேர்க்க முடியாது.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் என் சமையலறைக் கூரை வழியாகச் சொட்டுகிறது. மேல்வீட்டுக்காரர் என் பள்ளித் தோழர். ஆறு மாதமாகச் சொல்ல முடியாமல் வாளி வைத்து வருகிறேன். நட்பா, கூரையா?
– வாசகி, பூச்சோங்

பதில்: இரண்டையும் காப்பாற்றலாம், வாளியை எடுத்துவிட்டுப் படியேறினால். ஆறு மாதம் நீங்கள் மறைத்தது தண்ணீரை மட்டுமல்ல, கோபத்தையும் சேர்த்துத்தான். தண்ணீராவது வாளியோடு நிற்கும்.

முதலில் அவரைக் கீழே அழையுங்கள். காப்பி கலந்து கொடுத்து, கூரையை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தன் வீட்டுத் தரைக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது மேலே குடியிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அவர் குளிக்கிறார், தண்ணீர் போய்விட்டது என்று நினைக்கிறார், அவ்வளவுதான்.

பேசியும் வேலை நடக்காவிட்டால் சட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது பகைமையும் அல்ல. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி, கூரை ஒழுகினால் கோளாறு மேலே இருப்பதாகவே முதலில் கொள்ள வேண்டும். இல்லை என்றால் அதை மெய்ப்பிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு விதிகள் இன்னும் தெளிவானவை. நீங்கள் நிர்வாகத்திடம் எழுத்துமூலம் புகார் கொடுத்தால் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். பார்த்து முடித்த 5 நாளுக்குள் காரணத்தை எழுதிச் சான்று தர வேண்டும். படிவம் 28 என்பார்கள். கோளாறு மேல்வீட்டில்தான் என்று அதில் இருந்தால், பழுதுபார்க்கும் பொறுப்பு அந்த வீட்டு உரிமையாளருடையது. பொதுக் குழாய் என்றால் நிர்வாகத்தின் செலவு. அதற்கும் அசையாதவர்களுக்கு ஸ்ட்ராட்டா நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும்.

இந்தச் சான்றை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. “உன்னால்தான் ஒழுகுகிறது” என்று தோழி சொன்னால் சண்டை. “இந்த மூட்டு இணைப்பில் கசிகிறது” என்று காகிதம் சொன்னால் வேலை. அவர் வீட்டுத் தரையை உடைக்கும் நாளில் மதியச் சாப்பாடு உங்கள் வீட்டிலிருந்து மேலே போகட்டும்.

கேள்வி: தைப்பூசத்தன்று பத்துமலை முருகன் சிலை அடியில் சந்திப்போம் என்று நானும் என் தோழியும் பேசிக்கொண்டோம். இருவரும் வந்தோம், இருவரும் நின்றோம், கடைசி வரை பார்த்துக்கொள்ளவே இல்லை.
– வாசகி, செந்தூல்

பதில்: 42.7 மீட்டர் முருகனை எங்கிருந்தும் பார்க்கலாம்; அவர் காலடியில் நிற்கிற தோழியைத்தான் பார்க்க முடியாது. அடுத்த முறை ஒரு தண்ணீர்ப் பந்தலைப் பேசி வையுங்கள். நின்ற நேரத்துக்கு மோராவது கிடைக்கும்.

கேள்வி: என் கணவர் ஞாயிறு தவறாமல் தூண்டிலோடு போர்ட் கிள்ளான் பக்கம் போய்விடுகிறார். மீன் மட்டும் வருவதில்லை.
– வாசகி, காப்பார்

பதில்: அவர் முகத்தைப் பாருங்கள் அம்மா. போனதைவிடத் தெளிவாகத் திரும்பி வருகிறாரா? அப்படியென்றால் எதையோ பிடித்துக்கொண்டுதான் வருகிறார். மீனைச் சந்தையில் வாங்கிவிடலாம்.

கேள்வி: நண்பர்களோடு வார இறுதியில் நடக்கலாம் என்று ஆசை. எல்லாருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. மலையேறச் சொல்லாதீர்கள்.
– வாசகர், ஜிஞ்சாங்

பதில்: கெப்போங் வன ஆய்வுக் கழகம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே நிற்கும் காடு மனிதர் கையால் நட்டது. ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலத்தில், 1920களில் தொடங்கி, கன்று கன்றாக வைத்து வளர்த்தார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றுக்கொண்டது. உள்ளே போனால் காப்பூர் மரங்களுக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கிளைகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் வானம் ஓடை ஓடையாகத் தெரியும். பாழான ஒரு நிலம் நூறு ஆண்டுக்குள் இப்படியாகும் என்பதைப் பார்த்த பிறகு, “இந்த வயதில் இனி என்ன” என்று யாரும் பேச மாட்டீர்கள். பாதை பெரும்பாலும் சமதளம்தான். மழை பெய்த மறுநாள் அட்டைக்கு நீளக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு அறுபது பேரை அழைத்தோம். நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். மகன் அலுவலகத்து மலாய், சீன நண்பர்கள் வந்த நேரத்தில் சோறு முடிந்துவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.
– வாசகி, கிள்ளான்

பதில்: ஆறட்டும். கூப்பிடாதவர்களும் வந்து உட்கார்ந்த வீடு உங்களுடையது. அந்தப் பேர் எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

அடுத்த ஆண்டுக்குச் சில யோசனை சொல்கிறேன். அழைப்பிதழில் மூன்று மணி நேரத்தை ஒரே மூச்சில் போடாமல், உறவினருக்கு மதியம், அலுவலகத்தாருக்கு மாலை என்று பிரித்துவிடுங்கள். மலாய் நண்பர்கள் வருகிறார்கள் என்றால் இறைச்சியை ஹலால் கடையில் வாங்குவது மட்டும் போதாது. பாத்திரம், கரண்டி எல்லாமே அவர்களுக்குக் கவலைதான். அன்றைய சாப்பாட்டை ஹலால் சான்றுள்ள சமையல்காரரிடம் விட்டுவிட்டால் அவர்கள் நிம்மதியாக இரண்டாம் முறையும் பரிமாறிக்கொள்வார்கள். சீன நண்பர்களில் குவான் யின் அம்மனைக் கும்பிடுகிற பலர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். நம் வீட்டிலும் அது இராது. அவர்களிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், முகம் மலரும். சைவக்காரருக்குத் தனி மேசை போடுங்கள். இப்படி ஒவ்வொருவர் தட்டையும் முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பது இந்த நாடு நமக்குப் பழக்கிய நல்ல பழக்கம். இதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

சோறு முடிந்தால் முறுக்கும் அச்சு முறுக்கும் இருக்கட்டும். வருகிற மலாய், சீன நண்பர்கள் கண்ணால் முதலில் தேடுவது அந்தத் தகர டின்னைத்தான். ஆகவே முறுக்கில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

கேள்வி: சின்ன வயதில் தீபாவளியும் ஹரி ராயாவும் ஒரே வாரத்தில் வந்து ‘தீபா ராயா’ என்று கொண்டாடினோம். அது ஏன் இப்போது வருவதில்லை?
– வாசகர், ரவாங்

பதில்: வரும், பொறுங்கள். இஸ்லாமிய நாட்காட்டி நிலவை மட்டும் பார்த்து 354 நாளில் ஆண்டை முடிக்கும். அதனால் நோன்புப் பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகும். நம் தீபாவளியும் நிலவைப் பார்க்கிறது, ஆனால் சூரியன் கையை விடுவதில்லை. அதனால் எப்படியும் ஐப்பசியை ஒட்டியே நிற்கும். 2005இல் நவம்பர் 1 தீபாவளி, 3 ஹரி ராயா. 2006இலும் அக்டோபரில் ஒட்டி வந்தன. நகர்ந்து போனது முழுச் சுற்று சுற்றி வர ஏறக்குறைய 33 ஆண்டு ஆகும். ஆக, 2030களின் கடைசியில் மறுபடியும் இரண்டும் கைகோர்க்கும். அதற்கு முன்பே 2029இல் ஹரி ராயாவும் சீனப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வருகின்றன. அந்த வாரம் இரண்டு வீட்டுக்கும் போய் வர வேண்டும். வயிற்றை இப்போதே தயார் செய்யுங்கள்.

கேள்வி: 2021 வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுதும் மூழ்கியது. ஒரு நண்பர் வீட்டில் இரண்டு வாரம் தங்கினோம். இப்போதும் ராத்திரி கனமழை பெய்தால் தூங்க முடிவதில்லை. நண்பர்களிடம் சொன்னால் “அதெல்லாம் முடிந்த கதை” என்கிறார்கள்.
– வாசகர், ஷா ஆலம்

பதில்: முடிந்த கதை அல்ல. 2021 டிசம்பர் 18 ஒரு சனிக்கிழமை. மற்றவர்கள் ஓய்வெடுக்க வேண்டிய அந்த வார இறுதியில் உங்கள் வட்டாரத்தில் மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று படகுக்காகக் காத்திருந்தார்கள். எங்கிருந்தோ படகுகளை இழுத்துக்கொண்டு வந்து இறங்கிய முன்பின் தெரியாதவர்கள் எத்தனை பேரைக் காப்பாற்றினார்கள்! அந்த மழைச் சத்தத்தை உங்கள் உடம்பு மறக்காதது இயல்பு. தூக்கம் தொடர்ந்து கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். கிளினிக்கில் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

கையால் செய்யக்கூடியவையும் உண்டு. பிறப்புப் பத்திரம், வீட்டு ஆவணம் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பையில் போட்டு மாடியில் வையுங்கள். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது; கார் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது அதைக் கேட்டுத் தனியாகச் சேருங்கள். மேட்டு நிலத்தில் இருக்கும் ஒரு நண்பரிடம் இப்போதே பேசி வையுங்கள்: ஆறு ஏறினால் வண்டி அவர் வீட்டு வாசலுக்கு, அம்மா அவர் அறைக்கு.

இதைப் படிக்கிற நண்பர்களுக்கும் ஒன்று. மழை கொட்டும்போது “பாதுகாப்பா இருக்கீங்களா?” என்று செய்தி அனுப்பாதீர்கள். “வண்டிய எடுத்துட்டு இங்க வந்துடு லா, கேட் திறந்திருக்கு” என்று சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா வாழ்நாள் முழுதும் ‘தமிழ் நேசன்’ வாசகர். அது நின்ற பிறகு வேறு பத்திரிகை வாங்கிக் கொடுத்தோம், புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்.
– வாசகி, பந்திங்

பதில்: 1924இல் தொடங்கி 2019 வரை வந்த பத்திரிகை, அதை இழந்தது பெரிய இழப்பு. ஆனாலும் ஒன்று விசாரியுங்கள். காலையில் கோப்பிக் கடையில் அதை அவரோடு சேர்ந்து படித்து, தலையங்கத்துக்குத் தலையங்கம் வாதாடியவர்கள் யார்? அவர்களில் யார் இன்னும் இருக்கிறார்கள்? ஞாயிறு காலை ஒருவரையாவது வண்டியில் ஏற்றி வாருங்கள். எந்தப் பத்திரிகை என்பதை இருவரும் சண்டை போட்டு முடிவு செய்துகொள்வார்கள்.

கேள்வி: தண்ணீர் வெட்டு என்று அறிவித்த அன்றே ஈப்போ உறவினர்கள் எட்டுப் பேர் வருகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, சுங்கை பூலோ

பதில்: ஆளுக்கொரு தோங் தண்ணீரோடு வரச் சொல்லுங்கள். 2020 செப்டம்பரில் ஆறு மாசுபட்டு நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் ஒன்றாக மூடப்பட்டபோது கிள்ளான் பள்ளத்தாக்கே வாளியோடு நின்றது. நம் நிலைமை அவர்களுக்கும் தெரியும். சாப்பாடு வாழை இலையில்.

கேள்வி: நண்பர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா?
– வாசகர், தெலுக் பங்ளிமா காராங்

பதில்: தாராளமாக. பழம் வாங்க நேரமில்லை என்று போகாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். திரும்பும்போது அவர்கள் எப்படியும் ஒரு டப்பர்வேரில் குழம்பு ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு ஞாயிறு போயாக வேண்டும். காலியாகவும் கொடுக்க முடியாது. மூடி மட்டும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.