லொக்கேஷன் சார்

"பாண்டிக்கு ரெண்டு நாள் போயிட்டு வரலாமா?" என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் மற்றவர்கள் துணிமணியைத் தேடுவார்கள். லொக்கேஷன் சார் செல்போனில் மேப்பைத் திறப்பார். எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். "ஊரா சார் முக்கியம்? ஏரியாதான்!" என்பது அவர் கட்சி.

முதல் நிபந்தனை, கடல் தெரியணும். ஒயிட் டவுன் விடுதிக்குப் போன் பறக்கும்.

"சீ வியூன்னு போட்டிருக்கீங்களே, படுத்துக்கிட்டே தெரியுமா?"

"பால்கனில நின்னா தெரியும் சார்."

"நேரா நின்னாவா, எட்டிப் பார்த்தாவா?"

பெண்ணுக்கு வரன் விசாரிக்கிறவர்கூட இத்தனை குடைய மாட்டார். அடுத்து சனிக்கிழமை வாடகையைச் சொல்வார்கள். கடல் மேல் இருந்த காதல் அந்த நிமிடமே பாதியாகும். மீதிப் பாதியைக் கார் எடுத்துக்கொள்ளும். துய்மா வீதியில் ராத்திரி எங்கே நிறுத்துவது? கடற்கரைச் சாலையில் சாயங்காலமானால் வண்டியே விடமாட்டார்களே! மனைவியை அறையில் விட்டுவிட்டுக் காருக்குள் படுக்கலாமா என்றுகூட யோசிக்கிற ஆள் அவர்.

ஆசிரம விடுதிகள் உண்டு. சுத்தம், நியாயமான வாடகை, சிலவற்றில் எதிரிலேயே கடல். ஆனால் சிகரெட், மது கூடாது; ராத்திரி கேட்டையும் மூடிவிடுவார்கள். "அதெப்படி? நமக்குன்னு ஒரு சுதந்திரம் வேண்டாமா?" என்று கொதிப்பார். சொந்த வீட்டில் ஒன்பதரைக்குக் குறட்டை விடுகிறவர்.

"ஏங்க, வைசியாள் வீதிப் பக்கம் திண்ணை வச்ச பழைய வீடெல்லாம் விடுதியா இருக்காமே" என்பார் மனைவி, மெதுவாக.

"அது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்!"

வெள்ளைக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்த பெரிய வாய்க்காலைத்தான் சொல்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் ஊரை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த எல்லையை இன்னும் காவல் காத்து வருபவர் இவர்தான். உண்மையில் புதுச்சேரியின் அழகான தெருக்களில் பாதி அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. முற்றம் வைத்த வீடுகளும், தெருவை ஒட்டிய திண்ணையும், தூண் நிறுத்திய தாழ்வாரமும் அங்கேதான். இவருக்கோ மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் போட்டோவில் விழவேண்டும்.

கோட்டக்குப்பம், செரினிட்டி பீச்? அங்கே மணல் உண்டு, அலை உண்டு. ஆனால் அது தமிழ்நாடு. "பாண்டிக்குப் போறேன்னு ஆபீஸ் பூரா சொல்லிட்டு விழுப்புரம் மாவட்டத்துல தங்குறதா?" மானப் பிரச்சினை இருக்கட்டும், பாட்டிலோடு எல்லை தாண்டுகிற பிரச்சினையும் உண்டு, அதை மட்டும் மனைவி காதில் விழாமல் சொல்வார். ஆரோவில் பக்கம் ஒரே தோப்பு, பாம்பு வரும். பஸ் ஸ்டாண்டு அருகே நல்ல லாட்ஜ் இருப்பதாக மச்சான் சொன்னார். மச்சான் சொன்னதாலேயே அது தள்ளுபடி.

இதற்குள் எல்லாம் நிரம்பிவிடும். கடைசியில் நூறடி சாலையில், டயர் கடையைப் பார்த்த மாதிரி ஓர் அறை கிடைக்கும். "பார்க்கிங் இருக்கு" என்று குடும்பத்துக்கு அறிவிப்பார். மீட்டர் கணக்கில் தூரம் விசாரித்த கடலுக்கு ஆட்டோவில் போய் இறங்கினால், காந்தி சிலைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் கருங்கல்தான். துறைமுகம் கட்டிய பிறகு மணலைக் கடல் கொண்டுபோய்விட்டது. பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்து, தலைமைச் செயலகத்தின் எதிரில் கொஞ்சம் மீட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அந்தக் கொஞ்சத்தில் விளையாடும். சார் சுற்றிலும் உள்ள விடுதிகளின் பால்கனிகளை எண்ணிக்கொண்டிருப்பார், எதிலிருந்து நேராகத் தெரியும் என்று.

திங்கட்கிழமை ஆபீஸில் அவர் நிபுணர். "ஒயிட் டவுன்லாம் வேண்டாம் சார், ஒரே டூரிஸ்ட் கூட்டம். நூறடி ரோட்டுல தங்குங்க. அசல் பாண்டி அங்கதான் இருக்கு!"

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய ஊர் மிகச் சிறியது. அண்ணா சாலைக்குக் கிழக்கே எங்கே அறை எடுத்தாலும் அரைமணி நடைக்குள் கடல் வந்துவிடும். வார நாளில் போங்கள், வாடகையும் குறையும். காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.