பெஞ்சு இல்லாத சமுத்திரம்

ஏகாந்தத்தின் மகிமையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய நம்மவர்கள், உண்மையான ஏகாந்தம் ஒன்று எதிரே வந்து நின்றுவிட்டால், பக்கத்தில் தேநீர்க் கடை உண்டா என்று முதலில் விசாரிப்பார்கள் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். கோடியக்கரைக்கு என்னுடன் வந்த அத்தான் அந்த அபிப்பிராயத்தைச் சாசுவதமாக்கிவிட்டார்.

அத்தான் மராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வெற்றிடத்தைக் கண்டால் அவருக்கு மனம் பொறுக்காது. வேதாரண்யத்தைத் தாண்டி, 1930-ல் ராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த அகஸ்தியம்பள்ளியின் நினைவு ஸ்தூபியைக் கண்டபோது உற்சாகமாகத்தான் இருந்தார். அதன் பிறகு கட்டடங்கள் குறையக் குறைய அவர் பேச்சும் குறைந்தது. 1967-ல் வெளிமான்களுக்கென்று சரணாலயமாக்கப்பட்ட புல்வெளியில், கறுப்புக் கோட்டும் வெள்ளை வேட்டியுமாகக் கோர்ட்டுக்குப் புறப்பட்ட பழைய காலத்து வக்கீலைப் போல ஓர் ஆண்மான், முறுக்கிய கொம்புகளை நிமிர்த்திக்கொண்டு எங்களை அலட்சியமாகப் பார்த்துவிட்டுப் போயிற்று. "இவ்வளவு இடத்தையும் இதுகளுக்கா விட்டிருக்கிறார்கள்?" என்றார் அத்தான்.

கடற்கரைக்கு வந்து சேர்ந்தோம். கிழக்கே வங்கக் கடலும் தெற்கே பாக் நீரிணையும் சந்திக்கும் அந்த முனையில், சுண்டல் விற்கும் பையன், பலூன் சுடும் துப்பாக்கி, ராட்டினம், 'இங்கே குப்பை போடாதீர்' என்ற பலகையும் அதனடியில் குப்பையும் என்று ஒரு கடற்கரைக்கு நாம் விதித்திருக்கும் லட்சணங்களில் ஒன்றுகூட இல்லாமல், காற்றும் மணலும் தண்ணீருமாக விரிந்து கிடந்தது சமுத்திரம்.

"என்ன மாப்பிள்ளே, இங்கே ஒண்ணுமே இல்லையே!"

அவர் அப்படிச் சொன்ன அதே சமயத்தில், சைபீரியாவின் வடகோடியிலிருந்து தங்கும் விடுதிக்குச் சீட்டு எழுதாமலே பறந்து வந்திருந்த உள்ளான் குருவிகள் ஈரமண்ணைக் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தன. நண்டுகள் எந்த இலாகாவின் அனுமதியும் பெறாமல் வீடு தோண்டிக்கொண்டிருந்தன. ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு இத்தனை தூரம் வர அந்தக் குருவிகளுக்குப் பைத்தியமா என்று கேட்க நினைத்தேன். அக்காளின் முகம் நினைவுக்கு வந்ததால் கேட்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், அத்தானின் குறைக்கு அருமையான பூர்வீகம் உண்டு. ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே இங்குள்ள குழகர் கோயிலுக்கு வந்த சுந்தரமூர்த்தி நாயனார், கடற்காற்று மோதும் கரையில் அக்கம்பக்கத்தில் குடி ஒன்றும் இல்லாமல் இப்படித் தனியாக இருக்கிறீரே, யார் உமக்குத் துணை என்று சிவபெருமானையே கேட்டுப் பதிகம் பாடிவிட்டுப் போயிருக்கிறார். பெருமான் இடம் மாறியதாகத் தெரியவில்லை.

அத்தானுக்கு அங்கே பிடித்த ஒரே வஸ்து, 2004-ஆம் வருஷத்துச் சுனாமியில் இடிந்துபோன சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சம். செங்கற்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் ஓடிற்று. அதைச் சுற்றி நடந்து மனத்திற்குள் எஸ்டிமேட் போட்டார். பிறகு எங்களுடன் வந்த வனக் காவலரிடம் திரும்பி, "ஏன் ஐயா, உட்கார ஒரு சிமெண்டு பெஞ்சாவது போடக் கூடாதா?" என்று கேட்டார்.

"போடலாம் சார். போட்டால் நீங்கள் உட்காருவீர்கள்," என்றார் அவர், மிகுந்த மரியாதையுடன்.

திரும்பும் வழியெல்லாம் மௌனமாக வந்த அத்தான், ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரையின் ஆதிசேதுக் கடலில் தீர்த்தமாட ஜனங்கள் திரளாக வருவார்கள் என்று அந்தக் காவலர் பேச்சுவாக்கில் சொல்லக் கேட்டுச் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ தை அமாவாசைக்கு வருவோம், மாப்பிள்ளே. இடத்தை நன்றாகப் பார்க்கலாம்."